லித்தியம்-கந்தக செல்லுக்கு செப்பரேட்டர் பூச்சு: குமரி ஈரக்காற்றில் சொதப்பாமல் செய்வது எப்படி

பேட்டரியில் புராஜெக்ட் எடுத்த பிள்ளைகள் லித்தியம்-கந்தகம் என்று முடிவானதுமே கேட்கிற முதல் கேள்வி, "எந்த நானோ மெட்டீரியல் போடலாம்?" நான் திருப்பிக் கேட்பது, உங்கள் லேபில் வாக்குவம் ஓவன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்றுதான். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. ஆய்வுக் கட்டுரைகள் "உலர்த்தப்பட்டது" என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போகிற இடத்தில்தான் இங்கே செல் கெடுகிறது. மெட்டீரியல் எல்லாம் அதற்கு அப்புறம். செல்லின் இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே நிற்கிற துளையுள்ள படலம்தான் செப்பரேட்டர்; அதன் மேல் சாதாரணக் கார்பன் கருப்பை (நுண்ணிய கரிப்பொடி) மெல்லிசாக, சீராகப் பூசி நன்றாக உலர்த்தியவருடைய செல், விலை உயர்ந்த சரக்கைத் தடிமனாக அப்பி அரைகுறையாகக் காயவைத்தவருடைய செல்லைவிட நன்றாகவே ஓடும்.

முதலில் எதற்காகப் பூசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். கந்தகத்தின் கோட்பாட்டுக் கொள்திறன் கிராமுக்கு 1675 மில்லி ஆம்பியர்-மணி. லித்தியம் அயான் செல்களில் இன்று ஓடுகிற கேத்தோடு (நேர்மின்முனை) பொருட்கள் 150, 200 என்ற கணக்கில் இருப்பதோடு ஒப்பிட்டால் ஏன் எல்லோரும் இதன் பின்னால் ஓடுகிறார்கள் என்பது புரியும். டிஸ்சார்ஜ் ஆகும்போது எட்டு அணு வளையமான கந்தகம் உடைந்து, 2.3 வோல்ட் பக்கத்தில் நீளமான பாலிசல்பைடுகளாக மாறும். பிறகு 2.1 வோல்ட் தட்டையில், அதாவது வோல்ட் ஏறக்குறைய மாறாமல் நிற்கிற கட்டத்தில், திட லித்தியம் சல்பைடாக முடியும். கொள்திறனில் முக்கால் பங்கு இந்த இரண்டாவது தட்டையில்தான் வருகிறது. சிக்கல் என்னவென்றால் நீளமான பாலிசல்பைடுகள் ஈதர் எலக்ட்ரோலைட்டில் (அயான்கள் ஓடுகிற திரவம்) கரைந்துவிடும். கரைந்தது சும்மா இருக்காது, லித்தியம் பக்கம் போய்ச் சங்கிலி குட்டையாகி, திரும்பக் கேத்தோடு பக்கம் வந்து, மறுபடியும் போகும். இதைத்தான் ஷட்டில் என்கிறோம். நாம் வழக்கமாக வாங்குகிற செல்கார்டு 2400 செப்பரேட்டர் 25 மைக்ரான் தடிமனுள்ள பாலிபுரொப்பிலீன். அதன் துளைகள் 40 நானோமீட்டர் அளவில் இருக்கும். பாலிசல்பைடு மூலக்கூறு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். மீன் வலையைக் கட்டிக் கொசுவை மறிக்கிற கதை.

அந்த வலையின் கேத்தோடு பக்கத்தில் மின்சாரம் கடத்துகிற ஒரு மெல்லிய அடுக்கைப் போட்டால் இரண்டு வேலை நடக்கும். கரைந்து வருகிற பாலிசல்பைடு அங்கே தங்கும், அது ஒன்று. தங்கியது அங்கேயே மின்சாரம் கிடைத்து மறுபடி வினையில் கலந்துகொள்ளும், இது இன்னொன்று. வெறுமனே தடுத்தால் மட்டும் போதாது. தடுத்த கந்தகம் வேலை செய்யாமல் கிடந்தால் அதுவும் நஷ்டக்கணக்குதான். இந்த யோசனையைப் பரவலாக்கியவர் நம்மூர்க்காரர், மதுரைப் பல்கலைக்கழகத்திலும் ஐஐடி மெட்ராஸிலும் படித்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போன ஆறுமுகம் மந்திரம். 2012இல் கேத்தோடுக்கும் செப்பரேட்டருக்கும் நடுவே கார்பன் தாள் வைத்தும், 2014இல் செப்பரேட்டர் மேலேயே கார்பன் பூசியும் அவர் குழு காட்டியது. லித்தியம் அயான் பேட்டரிக்காக 2019இல் ஜான் குட்எனஃப் பெற்ற நோபல் பரிசுக்கான உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவரும் இவரேதான்.

எதைப் பூசலாம்

முதல் செல்லுக்கு சூப்பர் பி என்கிற வகைக் கார்பன் கருப்பு. இதில் என்னிடம் விவாதமே கிடையாது. அது ஓடி, எண்கள் கைக்கு வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

கார்பனுக்கு ஒரு குறை உண்டு: அது பாலிசல்பைடைப் பெரும்பாலும் இடத்தால்தான் மறிக்கிறது, வேதியியலாக இறுக்கிப் பிடிப்பதில்லை. பிடிப்பதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு, மாங்கனீஸ் டை ஆக்சைடு மாதிரி முனைவுத்தன்மை உள்ளவை வேண்டும். ஆனால் டைட்டானியம் டை ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, தனியாகப் பூசினால் பிடித்த கந்தகம் அங்கேயே செத்துக் கிடக்கும். அதனால் கார்பன் ஏழு பங்கு, ஆக்சைடு இரண்டு பங்கு, பைண்டர் (பொடியை ஒட்டவைக்கிற பசை) ஒரு பங்கு என்கிற மாதிரி கலக்க வேண்டும். மணவாளக்குறிச்சி மணலில்தான் இல்மனைட் கிடக்கிறதே, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். வேண்டாம். இல்மனைட்டில் இருக்கிற இரும்பைப் பிரித்து நானோ அளவுக்குக் கொண்டுவருவது தனிப் புராஜெக்ட். அதோடு அந்த மணலில் மோனசைட்டும் இருக்கிறது; அதில் தோரியம் உண்டு. கடற்கரையில் அள்ளி வந்து கல்வத்தில் அரைக்கிற பொருள் அல்ல. 20 நானோமீட்டர் அளவுள்ள பொடியை பாட்டிலாகவே வாங்கிவிடுங்கள். பெயின்ட்டுக்கு வருகிற டைட்டானியம் டை ஆக்சைடும் உதவாது, அதன் துகள் இதைவிடப் பல மடங்கு பெரிது.

மாங்கனீஸ் டை ஆக்சைடு கல்லூரி லேபிலேயே செய்ய முடிந்த ஒன்று. கார்பன் பொடியைத் தண்ணீரில் நன்றாக சோனிகேட் செய்துவிட்டு (மீயொலியால் கலைத்துவிட்டு), நீர்த்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் சுமார் 70 டிகிரியில் கலக்கிக்கொண்டே இருந்தால், கார்பன் தானே பெர்மாங்கனேட்டை ஒடுக்கித் தன் மேல் மாங்கனீஸ் டை ஆக்சைடைப் படியவைத்துக்கொள்ளும். எப்போது முடிந்தது என்பதற்குக் கருவி வேண்டாம்: கலக்குவதை நிறுத்தி கரி அடியில் படிந்ததும் மேலே நிற்கிற தண்ணீர் ஊதா நிறம் போய்த் தெளிவாக இருக்கும். கார்பன் தண்ணீரில் நனையவில்லை என்று எத்தனாலை ஊற்றிவிடாதீர்கள், பெர்மாங்கனேட் முதலில் அதைத்தான் தின்னும். கழுவி வடிகட்டி 100 டிகிரிக்கு மேல் உலர்த்துங்கள், இந்த ஆக்சைடு தண்ணீரைச் சுலபத்தில் விடாது.

சிரட்டைக்கரி, அதாவது தேங்காய் ஓட்டுக் கரி. இதைக் கேட்காமல் குமரி மாவட்டத்தில் யாரும் விடமாட்டார்கள், கேட்பதில் தவறும் இல்லை, பரப்பளவு அதிகமுள்ள நல்ல கார்பன்தான். கடையில் கிடைக்கிற ஆக்டிவேட்டட் கார்பனை அப்படியே போட்டால் துகள் பெரிதாக இருந்து செப்பரேட்டரையே குத்தும், அதனால் பால் மில்லில் அரைத்து நைஸ் சல்லடையில் சலிக்க வேண்டும். சாம்பலில் பொட்டாசியம் முதலான உப்புகள் இருக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, கழுவுகிற தண்ணீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். கடத்துதிறன் சூப்பர் பி அளவுக்கு இருக்காது. அதனால் தனியாக வேண்டாம், பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். இன்னொன்று, காற்றில் இருக்கிற ஈரத்தை இதைப்போல உறிஞ்சுகிற சரக்கு வேறில்லை.

மேக்சீன் (உலோகக் கார்பைடின் மெல்லிய தகடுகள்) செய்யலாமா என்றால், அதை அரித்தெடுக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வேண்டும். லித்தியம் ஃப்ளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலக்கிற "மென்மையான" முறையிலும் அதே அமிலம்தான் உள்ளே உருவாகிறது. அதற்கான ஃபியூம் ஹூட், கையுறை, அந்த அமிலம் தோலில் பட்டால் தடவுகிற கால்சியம் குளுக்கோனேட் ஜெல், பழகிய ஆள், இந்த நான்கும் இல்லாத இடத்தில் தொடாதீர்கள்.

கேத்தோடுக்குக் கந்தகம் 99.5 சதவீதம் சுத்தமுள்ள பதங்கமாக்கியது வேண்டும். ரப்பர் தோட்டத்தில் சாம்பல் நோய்க்குத் தூவுகிற கந்தகப்பொடி குலசேகரம் பக்கம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்தான். அது மரத்துக்கு.

ஸ்லரியும் பிளேடும்

சூப்பர் பி 450 மில்லிகிராம், பிவிடிஎஃப் பைண்டர் 50 மில்லிகிராம், என்எம்பி கரைப்பான் 7 மில்லி. முதலில் பிவிடிஎஃப்பை மட்டும் என்எம்பியில் போட்டு, கட்டி எதுவும் இல்லாமல் தெளிவாகும்வரை மூடிவைத்துக் கலக்குங்கள். கார்பனை இதற்கு முன்பே 100 டிகிரிக்கு மேல் உலர்த்தி, அகேட் கல்வத்தில் நைசாக அரைத்து வைத்திருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இரவு முழுக்கக் காந்தக் கலக்கியில் விடுங்கள். கரண்டியால் எடுத்து ஊற்றினால் அறுபடாமல் பளபளப்பாக ஒழுக வேண்டும், மணல்மணலாகத் தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும். என்எம்பி கருவைப் பாதிக்கக்கூடிய கரைப்பான். தோல் வழியாகவும் உள்ளே போகும். ஃபியூம் ஹூட்டில் மட்டுமே வேலை, கையுறை நனைந்தால் உடனே மாற்றுங்கள். பொடியை நிறுக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு நல்ல மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நம் காற்று முதலில் விளையாடுகிறது. என்எம்பி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், ஈரம் உள்ளே போனால் பிவிடிஎஃப் கரைசலிலிருந்து பிரிந்துவிடும். அறிகுறி பாட்டிலிலேயே தெரியும், நேற்று ஒழுகிய ஸ்லரி இன்று ஜெல்லி மாதிரி ஆடும். அப்படி ஆனதில் என்எம்பி ஊற்றி இளக்கப் பார்க்காமல் கழிவில் சேருங்கள். மழை நாளில் ஏசி அறையில் ஈரப்பதமானியைப் பார்த்து, காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அந்த நேரத்தில் பூசுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் கொஞ்சம் வறண்ட காற்று, அங்கே இருப்பவர்களுக்கு யோகம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து லேபுகளுக்கு ஏசி இல்லாமல் கதை நடக்காது.

கண்ணாடித் தகட்டில் எத்தனால் ஓரிரு சொட்டு விட்டுத் துடைத்து, செப்பரேட்டரை அதன் மேல் விரித்தால் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். எத்தனால் ஆறியதும் நான்கு ஓரத்திலும் டேப். விரிக்கும் முன் ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள், நேராகச் சர்ரென்று கிழிகிற திசைதான் தொழிற்சாலையில் படலத்தை இழுத்த திசை. ஸ்லரியை ஒரே தடிமனில் பரப்புகிற டாக்டர் பிளேடையும் அதே திசையில் இழுங்கள், குறுக்கே இழுத்தால் மடிப்பு விழும். பிளேடு இடைவெளி 50 மைக்ரான் போதும். மேலே சொன்ன ஸ்லரியில் காய்ந்த பிறகு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் பக்கத்தில் நிற்கும். அதுதான் இலக்கு. பூச்சு தடித்தால் ஷட்டில் இன்னும் குறையும் என்று ஆசைப்பட்டு 200 மைக்ரான் இடைவெளியில் அப்புகிறவர்கள் உண்டு. லித்தியம் அயான் போகிற வழி நீண்டு, எலக்ட்ரோலைட்டையும் குடித்து, வேகமான மின்னோட்டத்தில் செல் மூச்சுத் திணறும்.

பிளேடு இல்லாதவர்கள் வடிகட்டி முறைக்குப் போகலாம். கார்பன் நானோ குழாய்க்கும் கிராஃபீனுக்கும் உண்மையில் இதுவே நல்ல வழி. பொடியை ஐசோபுரொப்பனாலில் போட்டு சோனிகேட் செய்து, வாக்குவம் ஃபில்டரில் தாளுக்குப் பதிலாக செப்பரேட்டரையே வைத்து மெதுவாக ஊற்றி உறிஞ்ச வேண்டும். தண்ணீர் வேண்டாம், பாலிபுரொப்பிலீன் தண்ணீரில் நனையாது, மேலேயே உருண்டு நிற்கும். ஃபில்டரின் வாய் விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 12.6 சதுர சென்டிமீட்டர், 0.2 வேண்டுமென்றால் 2.5 மில்லிகிராம் பொடிதான். அவ்வளவு கொஞ்சத்தை நேராக நிறுக்க முயலாமல், 25 மில்லிகிராமை 100 மில்லியில் கலக்கி அதில் 10 மில்லி எடுங்கள், எடுக்கும் முன் மறுபடி ஒருமுறை சோனிகேட் செய்துவிட்டு. நானோ குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் பைண்டர் இல்லாமலே நிற்கும்.

உலர்த்துவது

பாலிபுரொப்பிலீன் 160 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும் அதற்கு ரொம்ப முன்னாலேயே சுருங்கத் தொடங்கும், நடுவில் பாலிஎத்திலீன் அடுக்கு உள்ள செப்பரேட்டர் இன்னும் சீக்கிரம். அதனால் 60 டிகிரியைத் தாண்டாதீர்கள். என்எம்பியின் கொதிநிலை 202 டிகிரி, 60 டிகிரியில் அது அவசரமாகக் கிளம்பாது, பொறுமை வேண்டும். முதலில் சாதாரண ஓவனில் சில மணி நேரம், பிறகு வாக்குவத்தில் இரவு முழுக்க. வெளியே எடுத்ததும் முகர்ந்து பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். எடை மாறாமல் நிற்கிறதா என்பதுதான் சோதனை.

எடை என்றதும் ஒரு விஷயம். 19 மில்லிமீட்டர் வட்டத்தில் பூச்சு வெறும் 0.57 மில்லிகிராம், நான்கு தசமத் தராசில் இதை நிறுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு எய்வதுதான். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் தாளாகப் பூசும் முன்பும் பின்பும் நிறுங்கள். செப்பரேட்டர் சுமார் 130 மில்லிகிராம், பூச்சு 20 வரும். நன்றாக உலர்ந்த தாளை ஓவனிலிருந்து எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள், கடைசி எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். தராசில் கோளாறு இல்லை, கார்பன் நம்மூர்க் காற்றைக் குடிக்கிறது. சிரட்டைக்கரி பூச்சில் அது கண் முன்னாலேயே ஓடும். இந்தத் தண்ணீர்தான் பிறகு லித்தியத்தோடு வினைபுரியும். அதனால் வட்டமாகப் பஞ்ச் செய்து முடித்த பிறகு மறுபடி ஒரு வாக்குவ உலர்த்தல், அங்கிருந்து நேராக குளோவ் பாக்ஸ் (ஈரமும் காற்றும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) முன்னறைக்கு. நடுவில் மேசையில் வைத்து டீ குடிக்கப் போகக்கூடாது.

உங்கள் கல்லூரியில் குளோவ் பாக்ஸ் இல்லையென்றால் கைடு மூலம் முன்கூட்டியே அனுமதி வாங்கி காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடத்துக்கோ திருவனந்தபுரம் பக்கத்து ஆய்வகத்துக்கோ போக வேண்டியிருக்கும். வட்டங்களை அலுமினிய லேமினேட் பையில் வாக்குவம் சீல் போட்டு எடுத்துப் போங்கள். போன இடத்திலும் மறுபடி உலர்த்துங்கள்.

செல் கட்டும் முன் சின்னச் சோதனைகள்

பூசிய தாளை மடித்து விரியுங்கள், மடித்த கோட்டில் பூச்சு உதிர்ந்தால் பைண்டர் போதவில்லை, அல்லது ஈரத்தில் பிவிடிஎஃப் பிரிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டாதீர்கள்.

வசதி இருந்தால் ஹெச் வடிவக் குழாய்ச் சோதனையும் செய்யுங்கள், பார்க்கவே அழகு. லித்தியம் சல்பைடு ஒரு பங்கும் கந்தகம் ஐந்து பங்கும் மோல் கணக்கில் எடுத்து டிஓஎல், டிஎம்இ என்கிற இரண்டு ஈதர் கரைப்பான்களின் கலவையில் 60 டிகிரியில் கலக்கினால் செம்பழுப்புப் பாலிசல்பைடு கரைசல் வரும். ஒரு பக்கம் இது, மறு பக்கம் வெறும் கரைப்பான், நடுவில் செப்பரேட்டர். பூசாத செப்பரேட்டரில் மறு பக்கம் சீக்கிரமே மஞ்சளாகும், நல்ல பூச்சில் நிறம் ஏற ரொம்ப நேரம் பிடிக்கும். ஒரே நேர இடைவெளியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். இதெல்லாம் குளோவ் பாக்ஸுக்குள்தான். லித்தியம் சல்பைடு ஈரக்காற்று பட்டதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடை விடும். அது நச்சு வாயு, கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து.

கட்டுவதும் ஓட்டுவதும்

குளோவ் பாக்ஸில் ஆர்கான்தான் இருக்க வேண்டும், நைட்ரஜன் கூடாது, லித்தியம் நைட்ரஜனோடும் வினைபுரியும். தண்ணீர், ஆக்சிஜன் இரண்டும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே. பூச்சு உள்ள பக்கம் கேத்தோடைப் பார்க்க வேண்டும். தலைகீழாக வைத்தால் கடத்தும் பூச்சு லித்தியத்தோடு சேர்ந்துகொள்ளும், பாலிசல்பைடு செப்பரேட்டரைத் தாண்டிய பிறகுதான் பூச்சைப் பார்க்கும், பிரயோஜனம் இல்லை. பஞ்ச் செய்யும்போது கரி மறு பக்கத்துக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் ஒட்டினால் ஷார்ட்.

எலக்ட்ரோலைட் வழக்கமானதுதான்: டிஓஎல், டிஎம்இ சம கன அளவு, அதில் ஒரு மோலார் லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பு, கூடவே ஒன்று அல்லது இரண்டு சதவீதம் லித்தியம் நைட்ரேட். அளவை மைக்ரோ பிப்பெட்டில் எண்ணி ஊற்றுங்கள். 12 மில்லிமீட்டர் கேத்தோடில் சதுர சென்டிமீட்டருக்கு 1.5 மில்லிகிராம் கந்தகம் என்றால் மொத்தம் 1.7 மில்லிகிராம், மில்லிகிராமுக்கு 15 மைக்ரோலிட்டர் வீதம் 25 மைக்ரோலிட்டர். பூச்சுள்ள செல்லுக்கு "நனையட்டும்" என்று கூட ஊற்றினால் ஒப்பீடே போச்சு. பூசாத செப்பரேட்டர் செல்லுக்கும் அதே அளவு, அதே நாளில் வெட்டிய கேத்தோடு. ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று செல் கட்டுங்கள், ஒன்றை வைத்துக்கொண்டு பேச முடியாது.

முழுக் கொள்திறனையும் ஒரு மணி நேரத்தில் இறக்குகிற மின்னோட்டம் 1 சி; இந்தச் செல்லுக்கு 0.1 சி என்பது 0.285 மில்லி ஆம்பியர். முதல் சில சுற்று இதில் ஓட்டுங்கள், பிறகு 0.5 சி, 1 சி. கீழ் எல்லையை 1.7 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள், அதற்குக் கீழே லித்தியம் நைட்ரேட் சிதைந்து இல்லாத கொள்திறனைக் காட்டும். சார்ஜ் ஏறும்போது 2.4 வோல்ட் பக்கத்தில் கோடு முடியாமல் நீண்டுகொண்டே போனால் ஷட்டில் ஓடுகிறது என்று அர்த்தம், பூச்சு சரியாக வேலை செய்தால் அது குறைந்து 2.8க்கு ஒழுங்காக ஏறும். நைட்ரேட் லித்தியம் மேல் பாதுகாப்புப் படலம் போட்டு ஷட்டிலை ஓரளவு மறைத்துவிடும் என்பதால், நைட்ரேட் இல்லாமல் ஒரு ஜோடி செல் கட்டிப் பார்ப்பது நல்லது. பூச்சின் உண்மையான தரம் அப்போதுதான் வெளியே வரும். முழுதாக சார்ஜ் செய்த செல்லைச் சில நாள் சும்மா வைத்துவிட்டு டிஸ்சார்ஜ் செய்தாலும் இதே விஷயம் தெரியும்: மேல் தட்டை எவ்வளவு சுருங்கியிருக்கிறதோ அவ்வளவு தானாகக் கரைந்து போயிருக்கிறது.

எண்ணை எழுதும்போது கந்தகத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு கிராமுக்கு 1200 மில்லி ஆம்பியர்-மணி வந்தது என்று போடுகிறார்கள். கூடவே பூச்சின் எடையையும் சேர்த்த கணக்கை எழுதுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கந்தகத்துக்கு 0.2 பூச்சு என்றால் 13 சதவீதம் கூடுதல் சுமை. இதே பூச்சு ஒரு மில்லிகிராம் என்றால் அந்த முன்னேற்றம் முழுக்க எடையிலேயே கரைந்துவிடும். பூச்சு லித்தியம் பக்கத்துச் சிக்கல்களைத் தீர்க்காது என்பதும் நினைவிருக்கட்டும். லித்தியம் பாசி பிடித்தது போல வளர்ந்து எலக்ட்ரோலைட்டைத் தின்று முடித்தால் நல்ல செப்பரேட்டர் உள்ள செல்லும் திடீரென்று விழும்.

விழுந்த செல்லை குளோவ் பாக்ஸுக்குள் வைத்துத் திறந்து செப்பரேட்டரின் லித்தியம் பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பூச்சு தாங்கியிருக்கிறது, மஞ்சளாக இருந்தால் கசிந்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் வளையமாக மஞ்சள் என்றால் பூச்சு அங்கே உதிர்ந்திருக்கலாம், அல்லது கேத்தோடு நடுவில் உட்கார்ந்திருக்காது. படம் எடுத்துவிட்டு, மிச்ச லித்தியத்தை ஃபியூம் ஹூட்டில் ஐசோபுரொப்பனாலில் சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு அடங்க விடுங்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பக்கத்தில் லித்தியத்துக்கு உரிய டி வகைத் தீயணைப்புப் பொடி இருக்கட்டும்.